வடு விழத் தெரிந்த ஈரல்: ஓசூர் சாலையிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, ஓசூர் சாலையின் மேலே அமைந்த நிலையம் ஒன்று 'பயோகான் ஹெப்பகோடி' என்ற பெயரைப் பெற்றது. ஆனேக்கல் வட்டத்து ஊரின் பெயரும் மருந்து நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட அந்தப் பலகைக்குப் பின்னால் 47 ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாறு மருந்தில் தொடங்கவில்லை, பீரில் தொடங்குகிறது.

1978 நவம்பரில் கிரண் மஜும்தார் பயோகானைத் தொடங்கியபோது அவர் மருந்தியல் கற்றவர் அல்லர். ஆஸ்திரேலியாவில் மதுவடிப்புக் கலையைப் பயின்று திரும்பியவர். அயர்லாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டில், பெங்களூரின் வாடகை வீடொன்றின் கார்க் கொட்டகையில் அவர் உற்பத்தி செய்த முதல் சரக்குகள் இரண்டு. ஒன்று, பப்பாளிக் காயின் பாலிலிருந்து எடுக்கப்படும் பப்பெயின் என்னும் நொதி. மற்றொன்று ஐசிங்கிளாஸ். நம் கடற்கரையில் நெட்டி என்று வழங்கப்படும் மீனின் காற்றுப்பையை உலர்த்திப் பக்குவம் செய்தால் கிடைப்பது இது. இரண்டுமே பீரின் கலங்கலைப் போக்கப் பயன்பட்டவை. ஐசிங்கிளாஸ் ஈஸ்ட்டைப் பற்றி இழுத்து அடியில் படியச் செய்யும். பப்பெயினோ, குளிரூட்டும்போது பீரை மங்கலாக்கும் புரதங்களை வெட்டிவிடும்.

ஐசிங்கிளாஸ் என்பது வேதியியல் நோக்கில் ஏறக்குறைய முழுவதும் கொலாஜன். தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் புரதம் அது. காயம் ஆறிய இடத்தில் தழும்பாக நிற்பதும், கெட்டுப்போன கல்லீரலைக் கல்லாக இறுகச் செய்வதும் அதே குடும்பத்துப் புரதங்களே. மதுவைத் தெளிவாக்க விற்கப்பட்ட பொருளும், மதுவால் கெட்ட ஈரலில் சேரும் பொருளும் உறவுமுறையில் நெருங்கியவை. இதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ஆயினும் அதே சாலையில், ஹெப்பகோடிக்குச் சற்று வடக்கே, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மனித ஈரல் திசுவைக் கட்டமைக்கும் முயற்சி நடந்தது என்பதால், வடுவின் வரலாற்றை இங்கிருந்து சொல்வது பொருந்தும்.

ஈரலைப் பற்றி எழுதுவோர் பிரமீத்தியசில் தொடங்குவது வழக்கம். கழுகு தின்னத் தின்ன வளர்ந்த அந்த ஈரல் நம்மை ஒரு தவறான வழியில் செலுத்திவிடுகிறது. வளர்தல் ஈரலின் இயல்பு என்றும், வடு அதற்கு நேர்ந்த விபத்து என்றும் எண்ண வைக்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே உறுப்பின் இரண்டு மறுமொழிகள். அடி ஒருமுறை பட்டு நின்றுவிட்டால் ஈரல் வளர்ந்து ஈடுகட்டும். மீண்டும் மீண்டும் ஆண்டுக்கணக்கில் பட்டால் வளர்ச்சியோடு வடுவும் சேரும். கடைசியில் வடு முந்திவிடும். ஆனால் ஆய்வுலகில் இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனி அறைகளில் வாழ்ந்தன. வளர்ச்சி அறுவை மருத்துவரிடமும், வடு பிணக்கூறு ஆய்வாளரிடமும் இருந்தன.

பிணக்கூறு ஆய்வாளரின் மரபு பழையது. இதயத்துடிப்பு மானியைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக், 1819-இல் வெளியிட்ட தம் நூலின் அடிக்குறிப்பொன்றில் 'சிரோசிஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்க மொழியில் அது பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல். காரணத்தையோ செயல்முறையையோ அந்தப் பெயர் சொல்லவில்லை. இறந்தவரின் ஈரல் அறுத்துப் பார்த்தபோது எந்த நிறத்தில் இருந்தது என்பதை மட்டுமே சொன்னது. பிணமேசையில் பிறந்த சொல் ஆதலால் அதற்குள் முடிவு என்ற பொருள் முன்கூட்டியே ஏறிவிட்டது. சிரோசிஸ் மீளாது என்ற கருத்து அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பாடநூல்களில் நிலைபெற்றது. எவரும் நிறுவிய முடிவன்று அது. உயிரோடிருப்பவரின் ஈரலை இருமுறை எடுத்துப் பார்க்கும் வழி அன்று இல்லை, அவ்வளவே.

அறுவை மருத்துவரின் மரபுக்கு அடையாளக் கல் 1931-இல் நடப்பட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை வெட்டியெடுத்து, எஞ்சிய பங்கு சில வாரங்களில் பழைய எடையை எட்டுவதைக் காட்டினர். வெட்டிய மடல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய மடல் பெருக்கிறது. பல்லியின் வாலோடு இதை ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. உயிருள்ள கொடையாளரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து மற்றவருக்குப் பொருத்தும் முறை இந்தப் பண்பையே நம்பி நிற்கிறது. 1998-இல் தில்லியில் நடந்த, இந்தியாவின் முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று அறுவையும் அத்தகையதே. பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த தமிழ்நாட்டுக் குழந்தைக்குத் தந்தை தம் ஈரலில் ஒரு பகுதியைத் தந்தார். இன்றும் இந்தியாவில் நடைபெறும் ஈரல் மாற்றுகளில் பெரும்பான்மை உறவினரின் உடலிலிருந்தே வருகிறது.

வடுவை உண்டாக்கும் உயிரணு எது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதில் பெரும்பகுதி ஒரு பெயர்க் குழப்பத்தில் கழிந்தது. 1876-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் குப்ஃபர், தங்கக் குளோரைடு சாயம் ஏற்றிய ஈரல் சீவலில் விண்மீன் வடிவ உயிரணுக்களைக் கண்டார். பின்னர் 1898-இல், இரத்த நுண்குழாய்களில் அமர்ந்து அந்நியப் பொருள்களை விழுங்கும் வேறு வகை உயிரணுக்களையும் இவற்றையும் ஒன்றென்று அவரே சொல்லிவிட்டார். குப்ஃபரின் சொல்லை மறுக்க எவரும் முன்வரவில்லை. 1951-இல் ஜப்பானில் தோஷியோ இத்தோ கொழுப்புத் துளிகள் நிறைந்த உயிரணுக்களை விவரித்து, அவற்றைப் புதியவை என்றே கொண்டார். 1971-இல் கென்ஜிரோ வாக்கே தங்கக் குளோரைடு முறையைத் திரும்பச் செய்து பார்த்து, குப்ஃபர் முதலில் கண்டதும் இத்தோ கண்டதும் ஒன்றே என்றும், அத்துளிகளில் இருப்பது வைட்டமின் ஏ என்றும் நிறுவினார். அந்த உயிரணுவைத் தனியே பிரித்தெடுத்து, கொலாஜனை உற்பத்தி செய்வது முதன்மையாக அதுவே என்று ஸ்காட் ஃப்ரீட்மனும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் காட்டினர். உடலின் வைட்டமின் ஏ இருப்பில் பெரும்பகுதியைக் காத்து வைக்கும் கருவூலக்காரர், ஈரல் நெடுநாள் அடிபடும்போது கருவூலத்தைக் காலி செய்துவிட்டு நார் திரிக்கத் தொடங்குகிறார். இதுவே வடுவின் பிறப்பு.

திரித்த நாரை அறுக்க முடியுமா? கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு. முறுக்குக் குலையாத நிலையில் பப்பெயின் போன்ற பொதுப் புரத நொதிகள் அதை எளிதில் அறுப்பதில்லை. விலங்குடலில் அதை அறுக்கும் நொதி உண்டு என்பதே 1962 வரை தெரியாது. தவளையின் தலைப்பிரட்டைக்கு வால் எப்படி மறைகிறது என்று ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் ஆகிய இருவர் கேட்டனர். வால் திசுவைக் கொலாஜன் படிவத்தின்மேல் வைத்தபோது அதைச் சுற்றிப் படிவம் கரைந்தது. உடல் தானே கட்டிய கொலாஜனைத் தானே பிரிக்கவும் வல்லது என்பதற்கு அது முதல் சான்று. அதன்பின் பதினேழு ஆண்டுகள் கழித்து, மெக்சிகோவின் நோய்க்கூறியலாளர் ருய் பெரெஸ் தமாயோ, சிரோசிஸ் மீளக்கூடிய நோயா என்ற கேள்வியையே தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினார். மேற்குலக மருத்துவத்தின் மையங்களில் அக்கேள்வி உடனே எதிரொலிக்கவில்லை.

இந்த இடத்தில் இந்தியாவின் பங்கைச் சொல்ல வேண்டும். ஈரல் வடு ஆய்வின் உலக வரலாறுகளில் அது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வயிறு வீங்கி, ஈரல் கல்லாகி, சில மாதங்களில் உயிர் போகும் நோய் ஒன்று கல்கத்தாவிலிருந்து 1887-இல் பதிவானது. பிற்காலத்தில் இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டு வீடுகளில் ஈரல் கட்டி, குலைக்கட்டி என்ற சொற்கள் எழுப்பிய அச்சத்தை முந்தைய தலைமுறையினர் அறிவர். சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யாவின் 'லிவர் க்யூர்' குழந்தை மருந்துகளில் பேர்பெற்று விளங்கியதற்கு அந்த அச்சமே பின்புலம். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்த பிள்ளைகளைத் தாக்கியதால் மரபுவழி நோய் என்று பலர் கருதினர். சாபம் என்று கருதியோரும் உண்டு.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனரும் இதை வேறு வழியில் அணுகினர். இக்குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தது. அது எங்கிருந்து வருகிறது? 1983-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அடுக்களையைக் காட்டியது. தாய்ப்பாலை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, ஈயம் பூசாத பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த விலங்குப் பால் புகட்டப்பட்ட குழந்தைகள் அவர்கள். பாலிலுள்ள கேசீன் புரதம் உலோகத்திலிருந்து செம்பைப் பற்றிக்கொள்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்தது பாத்திரம். ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியிலும் இதே நிலை இருந்தது என்பது 1996-இல் வெளியானது. அங்கு 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் அவ்வாறு இறந்திருந்தனர். அங்கும் செம்புப் பாத்திரத்துப் பாலே காரணம். இந்திய அடுக்களைகளில் எவர்சில்வர் பரவியதும், பாத்திரம் பற்றிய எச்சரிக்கை வீடுவீடாகச் சென்றதும் சேர்ந்து, 1990-களுக்குள் அந்நோய் ஏறக்குறைய மறைந்தது.

இதில் வடு ஆய்வுக்கு நேரே பொருந்தும் செய்தி வேறொன்று. செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தை நோயின் முற்பட்ட நிலையில் பெற்ற குழந்தைகளில் ஒரு பகுதியினர் பிழைத்தனர். ஆண்டுகள் கழித்து அவர்களின் ஈரல் திசுவை மீண்டும் எடுத்துப் பார்த்த புனே குழுவினர், நோய் பின்வாங்கியதை 1995-இல் பதிவு செய்தனர். சிரோசிஸ் மீளும் என்பதை உலகம் பெரிய எண்ணிக்கையில் ஏற்றுக்கொண்டது 2013-இல்தான். ஹெப்படைட்டிஸ் பி கிருமியைத் தெனோஃபோவிர் மருந்தால் ஐந்தாண்டுகள் அடக்கி வைத்து, 348 பேரின் ஈரலைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துப் பார்த்த ஆய்வு அது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு முடிவில் அது இல்லை. இரண்டு நிகழ்விலும் எவரும் வடுவை நேரே தாக்கவில்லை. அடித்த கையை நிறுத்தினர். எஞ்சியதை ஈரல் செய்தது. எவ்வாறு செய்தது என்பதற்கும் விடை உண்டு. நார் திரிக்கும் உயிரணுக்கள் காரணம் நீங்கியபின் தாமே மடிகின்றன என்று ஜான் ஐர்டேலின் குழு 1998-இல் எலிகளில் காட்டியது. எல்லாம் மடிவதில்லை, ஏறக்குறைய பாதி பழைய அமைதிக்குத் திரும்புகின்றன, ஆனால் அடுத்த அடிக்கு முன்னிலும் விரைவாக எழுகின்றன என்று 2012-இல் வெளியான எலி ஆய்வுகள் அதைத் திருத்தின.

அடித்த கையை நிறுத்த முடியாதபோதோ, ஈரல் முற்றும் ஓய்ந்தபோதோ என்ன செய்வது? ஐதராபாத்தில் ஹபீபுல்லாவின் குழு, திடீர் ஈரல் செயலிழப்புக்கு உள்ளான ஏழு பேரின் வயிற்றறைக்குள் கருவின் ஈரல் உயிரணுக்களைச் செலுத்தி, அதன் முடிவை 1994-இல் வெளியிட்டது. உறுப்பை மாற்றாமல் உயிரணுவை மட்டும் தரும் அந்தத் துணிவுக்கு இந்திய மருத்துவ வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. முழு ஈரல் கிடைக்காத நாட்டில் அது இயல்பாக எழுந்த கேள்வியாகும்.

பெங்களூரின் முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற துஹின் பௌமிக், அருண் சந்துரு ஆகிய இருவர் 2011-இல் பண்டோரம் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். 2015 டிசம்பரில், மனித ஈரலின் சில பணிகளைச் செய்யும் திசுவை முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கியதாக அறிவித்தனர். நாளிதழ்கள் அதைச் செயற்கை ஈரல் என்று கொண்டாடின. அச்சொல் மிகை. பொருத்துவதற்கான உறுப்பாக அதை அன்று எவரும் உருவாக்கவில்லை. மருந்துகளின் நச்சுத்தன்மையை மனிதருக்குக் கொடுக்குமுன் சோதிக்கும் களமாகவே அது முன்வைக்கப்பட்டது. எலக்ட்ரானிக் சிட்டியின் ஹீலிக்ஸ் உயிரித்தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து ஹெப்பகோடி சில கிலோமீட்டர் தொலைவே. மருந்து மூலக்கூறுகளை உருவாக்கும் நிறுவனங்களுக்கு நடுவே ஈரல் திசு தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அத்தேவை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். 1993-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வுக் கழகத்தில் ஃபியாலூரிடின் என்ற ஹெப்படைட்டிஸ் பி மருந்து 15 பேரிடம் சோதிக்கப்பட்டது. விலங்குகளில் அது ஈரலைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை எதுவும் கிட்டவில்லை. ஏழு பேருக்கு ஈரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தனர். இருவரை மாற்று ஈரல் காப்பாற்றியது. மனித ஈரல் உயிரணுவைத் தட்டையான கண்ணாடிக் கலத்தில் வளர்த்துச் சோதிக்கலாம் என்றால், அது சில நாள்களிலேயே தன் தொழிலை மறந்துவிடுகிறது. முப்பரிமாணச் சூழலும் அண்டை உயிரணுக்களும் இருந்தால் அந்த மறதி தள்ளிப்போகிறது. 2013-இல் யோகோஹாமாவில் தகானோரி தக்கேபேயின் குழு மூவகை உயிரணுக்களைச் சேர்த்து ஈரல் மொட்டுகளை வளர்த்ததும், 2014-இல் அமெரிக்காவின் ஆர்கனோவோ அச்சிட்ட ஈரல் திசுவை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே காலத்தவை. பெங்களூரின் அறிவிப்பை இவற்றின் வரிசையில் வைத்துப் படிப்பதே நியாயம்.

ஆனால் வடுவைப் பற்றி அறிய விரும்புவோர் இத்தகைய திசுக்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். உழைக்கும் ஈரல் உயிரணுக்களை மட்டும் கொண்டு கட்டிய திசு, குப்ஃபரின் விண்மீன்கள் இல்லாத வானம். அது நஞ்சைச் சொல்லும். வடுவைச் சொல்லாது, ஏனெனில் அதற்கு வடு விழத் தெரியாது. ஆர்கனோவோவின் திசுவில் விண்மீன் உயிரணுக்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அதனால்தான், மூட்டுவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் நெடுநாள் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் மருந்தை அதற்கு ஊட்டியபோது கொலாஜன் சேர்வதை 2016-இல் பதிவு செய்ய முடிந்தது. நலமான ஈரலைக் கட்டுவதைக் காட்டிலும் நோயுறத் தெரிந்த ஈரலைக் கட்டுவது கடினமானது, பயன் மிக்கது என்ற இந்தப் புரிதல் செய்தித்தாள் தலைப்புகளுக்கு ஏற்றதன்று.

சட்டம் இவற்றுக்கு இடம் கொடுத்தது அண்மையில்தான். 2023 மார்ச்சில் இந்திய அரசு புதிய மருந்துகள் விதிகளில் செய்த திருத்தம், விலங்குச் சோதனைக்கு மாற்றாக மனித உயிரணு சார்ந்த முறைகளையும் முப்பரிமாண அச்சுத் திசுக்களையும் ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டு பயோகான், லிராக்ளூடைட் மருந்தின் பொதுப்பெயர் வடிவத்துக்குப் பிரிட்டனின் ஒப்புதலைப் பெற்றது. சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் உரிய மருந்து அது. ஆனால் 2016-இல் பிரிட்டனில் 52 பேரிடம் நடந்த சோதனையில், கொழுப்பேறி அழன்ற ஈரலின் அழற்சி 23 பேரில் ஒன்பது பேருக்கு நீங்கியது. போலி மருந்து பெற்ற 22 பேரில் இருவருக்கே நீங்கியது. வடு முற்றியோர் மருந்து பெற்றவர்களில் இருவர், பெறாதவர்களில் எட்டுப் பேர். இங்கும் மருந்து நாரை அறுக்கவில்லை, காரணத்தையே குறைத்தது. மீன் நெட்டியின் கொலாஜனை விற்றுத் தொடங்கிய நிறுவனம், ஈரலில் கொலாஜன் சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடிய மருந்து வகைக்கு வந்து சேர்ந்த வழி இது.

கொழுப்பு ஈரலின் வடுவுக்கென்றே அமெரிக்கா ஒப்புதல் தந்த முதல் மருந்து ரெஸ்மெட்டிரோம், 2024 மார்ச்சில் வந்தது. லிராக்ளூடைடின் உறவான செமாக்ளூடைட் 2025 ஆகஸ்டில் சேர்ந்தது; ஹெப்பகோடிக்கு மெட்ரோ வந்ததும் அதே மாதத்தில். இரண்டு ஒப்புதல்களும் வடுவின் இரண்டாம், மூன்றாம் படிநிலைகளுக்கு மட்டுமே உரியவை. நான்காம் படிநிலைக்கு, லேனெக் நிறத்தைப் பார்த்துப் பெயரிட்ட அந்த நிலைக்கு, அவை பொருந்தா. அங்கு நிற்பவர் இன்றும் கொடையாளர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார். இந்தியாவில் அவர் பெரும்பாலும் வீட்டில் உள்ளவராகவே இருக்கிறார்.